கணக்கில் பூச்சியமான லொறி



கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்குப் பழைய இராணுவ லொறிகளோடு என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். தொடர்பு என் தொழில் வழியாகத்தான் வந்தது. விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறப் பண்ணைகள் சிலவற்றின் வருடாந்தக் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். அவற்றில் ஒரு பண்ணையின் பழைய சொத்துப் பட்டியலில் "இராணுவ லொறி, 1" என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே பெறுமதி பூச்சியம். வருடாவருடம் தேய்மானம் கழித்து, நான் பிறப்பதற்கு முன்னரே அந்த லொறியை ஏட்டில் முடித்துவிட்டார்கள். ஆனால் லொறி இன்றும் ஓடுகிறது. சொந்தக்காரர் எண்பது வயதைத் தாண்டியவர். அவரே அதைத் திருத்துகிறார், அவரே ஓட்டுகிறார்.

ஏட்டில் செத்த ஒரு பொருள் வீதியில் உயிரோடு இருப்பது எப்படி என்ற கேள்வி எனக்கு வந்தது. தேடிப் பார்த்ததில் ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. அதன் ஒரு முனை கனடாவில் இருக்கிறது, இன்னொரு முனை பர்மாவில். நம்மவர்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. அதைத்தான் இந்த மாதம் சொல்ல வந்தேன்.

கனடாவில் பிறந்தவை

அந்த லொறியை அவுஸ்திரேலியர்கள் "பிளிட்ஸ்" என்று அழைப்பார்கள். அதன் உத்தியோகப் பெயர் "கனேடிய இராணுவ மாதிரி வாகனம்". 1930களின் பிற்பகுதியில், பிரித்தானியப் படைகளின் தேவைக்கேற்ற ஒரு லொறியை வடிவமைக்கும் வேலையில் போர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் கனேடியக் கிளைகளும் ஈடுபட்டன. 1940 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் டன்கேர்க்கிலிருந்து பிரித்தானியப் படை தப்பி வந்தபோது 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்களைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தது. அந்த இழப்பை ஈடுசெய்யும் வேலையில் பெரும்பங்கு கனடாவின் தலையில் விழுந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் வின்சர் நகரில் போர்ட் தொழிற்சாலையும், ஒஷாவா நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையும் இரவு பகலாக இயங்கின. போர் முடியும்வரை இந்த மாதிரியில் மட்டும் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் வெளியே வந்தன. இன்று ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸ், பிக்கரிங், ஒஷாவா பக்கமாகக் குடியிருக்கும் நம் உறவினர்கள் பலர், அந்த லொறிகள் பிறந்த ஊரிலோ அதன் அருகிலோதான் வாழ்கிறார்கள்.

சந்தையில் ஒன்றோடொன்று போட்டி போட்ட இரண்டு நிறுவனங்களும் இந்த லொறிக்காக ஒரே வடிவத்தை ஏற்றுக்கொண்டன. சாரதி இருக்கும் கூண்டு, சில்லு முதலான பல பாகங்கள் பொதுவானவை. எஞ்சினைத் தத்தம் சொந்தச் சரக்கிலிருந்து போட்டார்கள். போர்ட் லொறியில் 239 கன அங்குல, எட்டு சிலிண்டர் "வி" வடிவ எஞ்சின், 95 குதிரைவலு. செவர்லே லொறியில் 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் எஞ்சின், 85 குதிரைவலு. இரண்டுமே அந்தக் காலத்துச் சாதாரணக் கார்களிலும் லொறிகளிலும் ஓடிய எஞ்சின் குடும்பங்களைச் சேர்ந்தவை. இராணுவத்தில் சேருமுன் ஊர்க் கராஜில் வேலை பார்த்த பையனுக்கு அந்த எஞ்சின் புதிதல்ல. பெயரிடுவதிலும் ஒழுங்கு இருந்தது. முதல் எழுத்து நிறுவனத்தைக் காட்டும், அடுத்த எண் சுமையைக் காட்டும். 15 என்றால் 15 அந்தர், 60 என்றால் 60 அந்தர், அதாவது 3 தொன்.

பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த நாட்டில் பூட்டி எடுப்பது வழக்கம். அவுஸ்திரேலியாவில் போர்ட், ஹோல்டன் தொழிற்சாலைகளில் அவற்றைப் பூட்டினார்கள். வட ஆபிரிக்காவின் பாலைவனத்திலும் இத்தாலியின் மலைகளிலும் இவை ஓடின. இந்தியாவுக்கு வந்த கனேடியப் போர்ட் அடிச்சட்டங்களின் மேல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் கவச உடல் பொருத்தியது. பர்மாப் போர்முனையில் 14ஆவது படையின் சுமைகளையும் இவை இழுத்தன.

ஏலத்துக்கு வந்த படை

போர் முடிந்ததும் இத்தனை லொறிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அவுஸ்திரேலிய அரசு 1944இலேயே இராணுவ மிகைப்பொருட்களை விற்பதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்திருந்தது. போருக்குப் பின் புது லொறிகள் கிடைப்பது அரிது. பெற்றோலுக்குப் பங்கீடு வேறு. 1940இல் தொடங்கிய அந்தப் பங்கீடு 1950வரை நீடித்தது. இந்த நிலையில் நான்கு சில்லும் இழுக்கும் லொறி ஒன்று ஏலத்தில் கிடைப்பது பண்ணைக்காரனுக்குப் பெரிய வாய்ப்பு. மரம் இழுப்பவர்கள் வாங்கினார்கள். கராஜ்காரர்கள் பின்னால் பாரந்தூக்கி பூட்டி, பழுதான கார்களை இழுக்கும் வண்டியாக்கினார்கள். காட்டுத்தீ அணைக்கும் தொண்டர் படைகள் தண்ணீர்த் தாங்கி ஏற்றினார்கள்.

கடைசியாகச் சொன்ன பயன்பாட்டின் அருமை விக்டோரியாவில் வாழும் நமக்கு எளிதில் புரியும். 1939 ஜனவரி 13ஆம் திகதி, "கறுப்பு வெள்ளி" என்று இன்றும் சொல்லப்படும் காட்டுத்தீயில் இந்த மாநிலத்தில் 71 பேர் இறந்தார்கள். 1944இல் மறுபடியும் பெருந்தீ. அதன் பின்னரே 1945இல் நாட்டுப்புறத் தீயணைப்பு அதிகார சபை இயங்கத் தொடங்கியது. வீதியே இல்லாத மலைச் சரிவில் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போகக்கூடிய வாகனம் தேவைப்பட்ட காலத்தில்தான், பிளிட்ஸ் லொறிகள் ஏலத்துக்கு வந்தன. சண்டைக்காகச் செய்த பொருள் ஊரைக் காக்கவும் உதவியது.

என் கட்சிக்காரரின் தகப்பனார் போருக்குப் பின் வாங்கியது செவர்லே வகை. பல வருடங்கள் அது மரக்கட்டைகளை இழுத்தது.

நோயறியும் முறை

இப்படி வாங்கியவர்களுக்கு நிறுவனத்தின் பராமரிப்பு உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஏலத்தில் எடுத்ததோடு சரி, பழுது வந்தால் அவரவர் பாடு. ஆனால் இராணுவம் இரண்டு நல்ல விடயங்களை விட்டுச் சென்றது. ஒன்று, சில மாதப் பயிற்சி பெற்ற சிப்பாய் வீதியோரத்தில் வைத்தே திருத்தும்படி அமைந்த லொறி. மற்றது, பாகங்களுக்கு எண் போட்டுப் படத்தோடு அச்சிட்ட கைநூல்கள். அதற்கு மேலே தெரியவேண்டியதை ஒவ்வொருவரும் கையால் செய்து கற்றார்கள்.

எஞ்சின் ஓடவில்லையா? எரிபொருள் வருகிறதா, பொறி அடிக்கிறதா, சிலிண்டருக்குள் அமுக்கம் இருக்கிறதா என்று ஒழுங்காகக் கேள், ஒன்றை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகாதே. இதுதான் முதல் விதி. நம் கணக்காய்விலும் இதே விதிதான். மீதி பொருந்தவில்லை என்றால் கண்ட இடமெல்லாம் தேடக்கூடாது, வரிசையாகச் சரிபார்த்து வர வேண்டும்.

சில பழுதுகளை மட்டும் சொல்கிறேன். எனக்கு விளக்கப்பட்டபோது நான் ஆர்வத்தோடு கேட்டவை இவை.

பிளிட்ஸ் லொறிக்கு 6 வோல்ற் மின்சாரம். இன்றைய கார்களுக்கு 12 வோல்ற். அதே வேலையைச் செய்ய 6 வோல்ற் வாகனத்தில் இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓடவேண்டும். அப்போது வயரில் ஏற்படும் இழப்பு நான்கு மடங்கு. ஆகவே பற்றரியிலிருந்து போகும் வயர் தடிப்பாக இருக்கவேண்டும். புதிதாக வாங்கியவர்கள் கடையில் கிடைக்கும் 12 வோல்ற் வயரைப் பூட்டிவிட்டு, ஸ்ரார்ட் எடுக்கவில்லை, பற்றரி போய்விட்டது என்று புதுப் பற்றரி வாங்குவார்களாம். பெரும்பாலும் குற்றம் பற்றரியில் இருக்காது. வயர் மெல்லியதாக இருக்கும், அல்லது அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் துருவும் பெயின்றும் படிந்திருக்கும். அந்த இடத்தைச் சுரண்டித் துடைத்தால் செலவு எதுவும் இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

செவர்லே எஞ்சினில் பிஸ்ரனைத் தாங்கும் தண்டின் அடியில், "வெள்ளை உலோகம்" என்று மெக்கானிக்குகள் சொல்லும் மென்மையான கலவையை வார்த்திருப்பார்கள். அதற்கு எண்ணெய் கொடுப்பது தண்டின் நுனியில் இருக்கும் சிறு கரண்டி. எஞ்சின் சுற்றும்போது கரண்டி கீழே இருக்கும் எண்ணெயை அள்ளிக்கொள்ளும். மிதமாக ஓட்டினால் காலம் காலமாக உழைக்கும். வேகமாக ஓட்டி உலோகம் தேய்ந்தால் "டொக், டொக்" என்று தட்டும். எந்தச் சிலிண்டர் தட்டுகிறது என்று அறிய, ஒவ்வொரு பிளக்காகப் பொறி போகாமல் நிறுத்திப் பார்ப்பார்கள். எதை நிறுத்தும்போது தட்டும் சத்தம் குறைகிறதோ அங்கேதான் நோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், இடையில் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கினால் போதும். சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் எஞ்சினையே இறக்கவேண்டி வரும்.

போர்ட் எஞ்சினுக்கு வேறு நோய். அதன் புகைவழி எஞ்சின் கட்டையின் உள்ளே, தண்ணீர் ஓடும் பாதையை ஒட்டிப் போகிறது. ஆகவே சூடு அதிகம். கோடையில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். பெற்றோல் பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் நிழலில் இருந்தால் வழிக்கு வரும். துணி காயவைக்கும் மரக் கிளிப்புகளைக் குழாய் நெடுகிலும் குத்திவைத்தவர்களும் உண்டு. பலன் எவ்வளவு என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கும்.

உயிரோடு விளையாடும் பழுது ஒன்றும் உண்டு. இராணுவ லொறிச் சில்லின் றிம் இரண்டு பாதிகளாக வரும். சில்லை அச்சோடு பிடிக்கும் நட்டுகள் ஒரு வட்டம், றிம்மின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் இன்னொரு வட்டம். காற்று நிரம்பிய ரயரில் இந்த இரண்டாவது வட்டத்தைக் கழற்றினால் றிம் வெடித்துப் பறக்கும், எதிரே நிற்பவர் உயிர் போகலாம். விடயம் தெரிந்த சொந்தக்காரர்கள் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பூசி வைக்கிறார்கள். சிவப்பு எதற்கு என்று சொல்லித்தர ஒருவர் இல்லாவிட்டால் பெயின்ற் மட்டும் இருந்து என்ன பயன்?

இன்று புதிய தொல்லைகளும் சேர்ந்திருக்கின்றன. எதனோல் கலந்த பெற்றோல் பழைய றப்பர் குழாய்களையும் பம்பின் றப்பர்த் தகட்டையும் கெடுத்துவிடுகிறது. பிறேக்கில் தவறான எண்ணெய் ஊற்றினால் பழைய இயற்கை றப்பர் ஊதிப் போய்ப் பிறேக் இறுகிவிடும். லொறியை ஓட்டாமல் வைத்திருப்பதும் நல்லதல்ல. பிறேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துருப் பிடிக்கும். ஆகவே சொந்தக்காரர்கள் மாதம் ஒரு முறையாவது ஓட்டுவார்கள். விக்டோரியாவில் இப்படியான பழைய வாகனங்களுக்குக் கழக அனுமதிப் பத்திரம் உண்டு. வருடத்தில் 45 அல்லது 90 நாட்கள் ஓட்டலாம். ஓட்டும் ஒவ்வொரு நாளையும் பதிவேட்டில் குறிக்கவேண்டும்.

என் கட்சிக்காரரிடம் அதைவிட நல்ல பதிவேடு ஒன்று இருக்கிறது. தகப்பனார் தொடங்கிய குறிப்புப் புத்தகம் அது. திகதி, எந்த இடத்தில் நின்றது, என்ன சத்தம், எது காரணம், எதைச் செய்ததும் ஓடியது என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. பிழையான ஊகங்களையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பண்ணையில் நான் பார்த்த ஏடுகளில் மிகப் பெறுமதியானது அதுதான் என்று அவரிடமே சொன்னேன். அதை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை என்றார். பிள்ளைகள் நகரத்தில் இருக்கிறார்கள், லொறியில் ஏறினால் கால் சுடுகிறது என்கிறார்கள். அது உண்மைதான். எஞ்சின் சாரதிக்குப் பக்கத்திலேயே கூண்டுக்குள் இருக்கிறது.

ரங்கூனில் ஒரு செவர்லே

போர் முடிந்தபின் பர்மாவில் விடப்பட்ட கனேடியச் செவர்லே லொறிகளுக்கு அங்குள்ளவர்கள் மரத்தால் உடல் கட்டிப் பஸ்களாக ஓட்டினார்கள். 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் இறக்குமதி இறுகியது. புது வாகனமும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. ஊர்ப் பட்டறைகளே பாகங்களைக் கடைந்து எடுத்தன, வேறு வாகனங்களின் எஞ்சின்களைப் பொருத்தின. அப்படி ஓடிய பஸ்களை ரங்கூன் வீதிகளில் 2000களிலும் காணமுடிந்தது. 1940களில் ஒஷாவாவில் செய்த அடிச்சட்டம், அறுபது வருடம் கழித்தும் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது. இல்லாமை கற்றுக்கொடுத்த தொழில் அது.

நாம் ஓட்டிய மண்ணெண்ணெய்க் கார்கள்

இதைப் படிக்கும்போது யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு எந்த நினைவு வரும் என்பது எனக்குத் தெரியும். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் வராமல் நின்றன. நான் அப்போது வணிகத்துறை மாணவன். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றரில் விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். வீதி முழுக்க அந்தப் புகை மணக்கும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட காலமும் அதுதான்.

அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதற்குக் காரணம் உண்டு. பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே மட்டமான எரிபொருளையும் சகித்துக்கொள்ளும். ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால்தான் முதலில் பெற்றோல் தேவை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். எண்ணெயை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயாரிங் போய்விடும். எண்ணெயே கிடைக்காத ஊரில் இதையெல்லாம் சமாளித்து, நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மெக்கானிக்குகளும் சாரதிகளும் நம்மிடையே இருந்தார்கள்.

இதை என் கட்சிக்காரரிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. தகப்பனாரின் உழவு இயந்திரத்தில் சிறிய பெற்றோல் தாங்கி ஒன்றும் பெரிய மண்ணெண்ணெய்த் தாங்கி ஒன்றும் இருந்ததாம். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வேலை முடிந்து நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றுவார்கள், அப்போதுதான் மறுநாள் காலை சிரமமில்லாமல் ஸ்ரார்ட் எடுக்கும். உங்கள் ஆட்களும் நிறுத்துமுன் அப்படி மாற்றினார்களா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பிளிட்ஸ் லொறிக்கு அச்சிட்ட கைநூல் இருக்கிறது. பாகங்களின் எண் பட்டியல் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் உள்ள கொறோவா நகரில் பழைய இராணுவ வாகனக்காரர்கள் ஆண்டுதோறும் கூடி, நாட்கணக்கில் பழுது பற்றியே பேசுகிற வழக்கமும் வளர்ந்திருக்கிறது. நம் மண்ணெண்ணெய்க் கார்களுக்கு இவை எதுவும் இல்லை. எந்தக் கார்புரேற்றரில் என்ன மாற்றினார்கள், எந்த அளவில் கலந்தார்கள், எது பழுதாகியது, எதைக்கொண்டு அடைத்தார்கள் என்பதெல்லாம் சிலரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. எந்தச் சொத்துப் பட்டியலிலும் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தகப்பனார், மாமா, பெரியப்பா யாராவது அந்தக் காலத்தில் கராஜ் வைத்திருந்தாலோ வாடகைக் கார் ஓட்டியிருந்தாலோ எங்களுக்கு அறியத் தாருங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு நானே வீட்டுக்கு வருகிறேன். பெரிய கேள்வி எதுவும் கேட்கமாட்டேன். "வாகனம் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று மட்டும் கேட்பேன். மிகுதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.